வெறும் தட்டு

பூஞ்சணத்தைக் கண்டால் நாம் முகம் சுளிப்போம். ரொட்டியில் பூத்தால் தூக்கி எறிவோம். ஊறுகாயில் பூத்தால் மேலாக வழித்துவிட்டு, யாரிடமும் சொல்லாமல் சாப்பிட்டுவிடுவோம். அந்தப் பூஞ்சணத்தையே ஆயுசு முழுவதும் கட்டிக்கொண்டு வாழ்ந்த ஒரு பெண்மணி இருந்தார். பெயர் மனோரஞ்சிதம். கடலை விளையும் சீமையில், மண்டிக்குப் பக்கத்துத் தெருவில் அவருடைய ஆராய்ச்சிக்கூடம் இருந்தது.

அவரிடம் வில்வநாதன் என்று ஒரு சீடன். சீடன் என்றதும் சின்னப் பையன் என்று நினைத்துவிட வேண்டாம். நாற்பதைத் தாண்டியவன், காதோரம் நரைத்தவன். எண்ணெய் ஆலையில் வேலை பார்த்துவிட்டு, இவருடைய பேச்சு ஒன்றைக் கேட்டு மயங்கி, இருந்த வேலையை விட்டுவிட்டு வந்து சேர்ந்தவன். வந்த பிறகுதான் பயம் பிடித்தது.

அவன் பயத்தைக் குறை சொல்லவும் முடியாது. ஈரக் கடலையில் பச்சையாகப் பூக்கும் அந்தப் பூஞ்சணம் ஒரு விஷத்தைக் கக்கும். அதற்கு நிறமில்லை, மணமில்லை, ருசியில்லை. வறுத்தாலும் போகாது, வேகவைத்தாலும் போகாது. பூஞ்சணத்தைத் துடைத்து எறிந்தாலும் விஷம் கடலைக்குள்ளேயே தங்கிவிடும். பெரியவர்களின் ஈரலை மெல்ல மெல்லத் தின்னும். பிள்ளைகளிடம் அந்தத் தாமதம்கூடக் கிடையாது.

மனோரஞ்சிதம் அதைக் கண்ணால் பார்த்தவர். கல்லூரியில் வேதியியல் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்த வயதில், மேட்டுக்காட்டு ஊர் ஒன்றில் பிள்ளைகளுக்கு வயிறு வீங்கிக் கண் மஞ்சளாகிறது என்று கேள்விப்பட்டுப் போனார். அந்த வருஷம் அடைமழை. வீட்டுக்குள் அடுக்கிய மூட்டையெல்லாம் நனைந்து கிடந்தது. ஒரு வீட்டில் கடலையைப் பொடித்துக் கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்த தாய் அவரிடம் சொன்னாள்: "பூசணம் இருந்துச்சும்மா. மேலாத் தட்டிட்டுத்தான் போட்டேன்."

அவள் பிள்ளை அந்த வாரமே போய்விட்டது.

அந்த வீட்டுக் கடலையிலிருந்து சுரண்டிய பூஞ்சணத்தை ஒரு குழாயில் போட்டு எடுத்துக்கொண்டு வந்தார் மனோரஞ்சிதம். பிறகு கல்லூரிப் பக்கம் திரும்பவே இல்லை. விஷம் எது, எந்த ஈரத்தில் ஊறுகிறது, எப்படிக் கண்டுபிடிப்பது என்று ஒவ்வொன்றாகத் தோண்டி எடுத்தார். கடலையை அரைத்து, சாற்றை வடித்து, இருட்டறையில் புற ஊதா விளக்கின் கீழே வைத்தால், விஷம் இருக்கிற சாறு நீலமாக ஒளிரும். அந்த விளக்கை மண்டிக்குள் கொண்டுவந்து வைக்க அவர் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. கடைசியில் வைத்தார். அதன் பிறகு அந்தச் சீமையில் பிள்ளைகள் அப்படிச் சாகவில்லை. அவர் பெயரைச் சொன்னால் கடலை வியாபாரிகள் கேட்காமலேயே மூட்டையை அவிழ்த்துக் காட்டுவார்கள்.

அந்தப் பழைய பூஞ்சணத்தை மட்டும் அவர் விடவில்லை. உயிரோடு வளர்த்தார். தமிழ் மாதப் பிறப்பன்று அதைப் புதுக் குழாய்க்கு மாற்றுவார். அந்தக் கூடத்தில் அதற்குக் குடிமாற்றம் என்று பெயர். உருளைக்கிழங்கு வேகவைத்த நீரில் சர்க்கரையைக் கரைத்து, கடற்பாசி போட்டு இறுக வைத்த சாப்பாட்டை அவரே தயாரிப்பார். "நம்ம பிள்ளைக்கு இன்னைக்குப் புது வீடு" என்பார். கூடத்திலிருந்தவர்கள் சிரிப்பார்கள். வில்வநாதன் மட்டும் சிரிக்க மாட்டான்.

குடிமாற்றுவதற்கு ஒரு கம்பி உண்டு. கண்ணாடிப் பிடி வைத்த மெல்லிய கம்பி. தீயில் பழுக்கக் காட்டி, ஆறவிட்டு, பூஞ்சணத்தைத் தொட்டு எடுத்துப் புது இடத்தில் வைக்க வேண்டும். கை பக்குவப்பட்ட சீடருக்கு மனோரஞ்சிதம் தன் கையாலேயே ஒரு கம்பி செய்து கொடுப்பார். அதை வாங்கிக்கொண்டு போனவர்கள் இன்றைக்குப் பல ஊர்களில் பெரிய வேலையில் இருக்கிறார்கள். வில்வநாதனுக்கு மட்டும் கிடைக்கவில்லை. அவன் கை நடுங்கும். கடலை அரைப்பது, சாறு வடிப்பது, தட்டு கழுவுவது, இவை அவன் வேலை. கழுவிய கையை மறுபடி கழுவுவான். "இப்பிடிக் கழுவினா கையில ரேகையே இருக்காது" என்று அவன் மனைவி அலுத்துக்கொள்வாள்.

வந்த புதிதில் ஒருநாள் அவன் கேட்டான்.

"அம்மா, உங்களுக்குப் பயமே இல்லையா?"

"எதைப் பார்த்து?"

"இதைப் பார்த்து."

மனோரஞ்சிதம் குழாயை எடுத்து அவன் உள்ளங்கையில் வைத்தார். விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி மூடினார்.

"எப்படி இருக்கு?"

"உயிரே போகுதும்மா."

"பிடிச்சுக்கிட்டே இரு. அது ஒண்ணும் செய்யாது."

அவன் பிடித்துக்கொண்டு நின்றான். உள்ளங்கை வியர்த்துக் கண்ணாடி வழுக்கியது. அவர் மேசையோரம் வைத்திருந்த வறுகடலையை உரித்து வாயில் போட்டுக்கொண்டு தன் வேலையைப் பார்த்தார். விஷக் கடலைகளுக்கு நடுவில் உட்கார்ந்து கடலை தின்கிற ஒரு மனுஷி! ஞானம் என்றால் இதுதான் என்று அவனுக்குத் தோன்றியது. எனக்கும் ஒருநாள் பயம் இப்படிப் போய்விடும் என்று நம்பினான். அதற்குப் பிறகு வருஷத்துக்கு ஒரு தடவையாவது கேட்டுவிடுவான்.

"அம்மா, எனக்கு இந்தப் பயம் எப்ப போகும்?"

அவர் சிரித்து, ஒரு கடலையை அவனிடம் நீட்டுவார். அவன் வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வான். தின்றதில்லை.

இங்கே வெறும் தட்டு என்ற ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பூஞ்சணத்தின் விஷத்தைத் தடுக்க ஏதாவது மருந்து கண்டுபிடித்தால் இரண்டு தட்டுகளில் கடலை வைப்பார்கள். இரண்டிலும் பூஞ்சணத்தை விடுவார்கள். ஒன்றில் மருந்து உண்டு, இன்னொன்றில் கிடையாது. மருந்தில்லாத தட்டுக்குத்தான் வெறும் தட்டு என்று பெயர். வெறும் தட்டு நீலமாக ஒளிர்ந்து, மருந்துத் தட்டு இருட்டாக இருந்தால் மருந்து பலித்தது என்று பொருள்.

ஆரம்பத்தில் மனோரஞ்சிதம் வெறும் தட்டு இல்லாமல் எதையும் செய்யமாட்டார். அவருக்கு விருதெல்லாம் வந்து சேர்ந்த காலத்தில் ஒருநாள், "வெறும் தட்டு எதுக்கு இனிமே? நம்ம பிள்ளை விஷம் கக்கும்னு ஊருக்கே தெரியும்" என்றார். அந்த நீலம் பாரித்த தட்டுகளைக் கழுவுகிறவன் வில்வநாதன். அன்றைக்கு வீட்டுக்குப் போகிற வழியில் பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடைத்தான். அவ்வளவு நிம்மதி.

நொச்சி வந்தது அதற்குப் பிறகு. நொச்சி இலையை எரித்த புகையில் கடலையைக் காட்டி வைத்தால் பூஞ்சணம் பூத்தாலும் விஷம் ஊறவில்லை என்று மனோரஞ்சிதம் கண்டார். எத்தனை தடவை செய்தாலும் விளக்கின் கீழே நீலம் தெரியவில்லை. ஒரு பொட்டு நீலம்கூட இல்லை. காசில்லாத மருந்து, வேலியோரம் முளைக்கிற மருந்து. அரசாங்கம் ஆர்வமாக விசாரித்தது. அவரைத் தலைநகருக்கு அழைத்தது.

அவர் ஊரில் இல்லாதபோது மாதப் பிறப்பு வந்தது. குடிமாற்றத்தை வில்வநாதனிடம் ஒப்படைத்துவிட்டுப் போயிருந்தார்.

அவன் பொதுக் கம்பியைக் கையிலெடுத்தான். மாற்றியும்விட்டான். பழைய குழாயை வழக்கப்படி வேகவைத்து அழித்தும்விட்டான். புதுக் குழாயைத் தாங்கியில் செருகப் போகும்போது கை நடுங்கியது. குழாய் தரையில் விழுந்து சிதறியது.

பச்சைத் தூள் எழும்பியது. அவன் மூச்சை அடக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடினான். பிறகு திரும்பி வந்து, கந்தலை மருந்துநீரில் நனைத்துத் துடைத்தான். துடைத்த இடத்தையே துடைத்தான். முந்தைய மாதத்துக் குழாய் ஒன்று எப்போதும் காப்பில் இருக்கும். ஆனால் அது மனோரஞ்சிதத்தின் பூட்டிய அலமாரியில் இருந்தது. சாவி வேண்டுமென்றால் உடைத்ததைச் சொல்லியாக வேண்டும். இத்தனை வருஷம் பொத்திப் பொத்தி வளர்த்த பிள்ளையைக் கீழே போட்டுவிட்டேன் என்று எந்த வாயால் சொல்வது?

அவர் திரும்பி வந்தார். முகம் மலர்ந்திருந்தது.

"வில்வநாதா, ஒத்துக்கிட்டாங்க. அங்கன்வாடிப் பிள்ளைங்களோட சத்துமாவுக்குப் போற கடலைக்கெல்லாம் நொச்சிப் புகைதான் இனிமே."

"அப்ப விளக்கு?"

"விளக்கு எதுக்கு? அதான் புகை இருக்கே. மூட்டைக்கு மூட்டை சோதிக்கிற செலவு மிச்சம்னுதான் அவங்களுக்கே சந்தோஷம். ஆபீசர் நேர்ல பார்க்கணும்னு கேட்டாரு. கடைசியா ஒரு தடவை செஞ்சு வை. நீயே செய்."

குழாயைப் பற்றிச் சொல்ல அவன் வாயைத் திறந்தான். "சரிம்மா" என்றுதான் வந்தது. தலையை ஆட்டிவிட்டு வெளியே வந்தான்.

மண்டிக்குப் போனான். சுவரோரம் மழையில் நனைந்து ஒதுக்கிப் போட்டிருந்த மூட்டை ஒன்றில் பச்சை பூத்த கடலையைப் பொறுக்கினான். பூஞ்சணம் பூஞ்சணம்தானே, எதுவாக இருந்தால் என்ன என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். நொச்சிப் புகை காட்டிய கடலையில் அதை விட்டான். நன்றாக வளர்ந்ததும் மேலே பூத்த பச்சையைத் தட்டிவிட்டு அரைத்து, சாறு வடித்து, இருட்டறைக்குள் போய் விளக்கைப் போட்டான்.

நீலம்.

பளீரென்ற நீலம். அவன் விரல் நகம்கூட அந்த வெளிச்சத்தில் தெரிந்தது.

விளக்கை அணைத்துவிட்டு இருட்டில் நின்றான். மறுபடி போட்டான். நீலம் அப்படியே இருந்தது. சாற்றை மறுபடி வடித்துப் பார்த்தான், வேறு விளக்கில் பார்த்தான். மண்டியில் கிடந்தது ஏதோ பொல்லாத சாதி, நம்முடைய பூஞ்சணம் இப்படிச் செய்யாது என்று சமாதானம் தேடினான். சமாதானம் கிடைக்கவில்லை. சத்துமாவுக்குக் கடலை போகப்போவது அதே மண்டியிலிருந்துதான்.

வீட்டுக்குப் போகும் வழியில் அங்கன்வாடி இருந்தது. பிள்ளைகள் கிண்ணத்தைத் தரையில் தட்டிக்கொண்டு மாவு உருண்டைக்குக் காத்திருந்தார்கள். ஆயா உருட்டி உருட்டி வைத்துக்கொண்டிருந்தாள். இன்றைக்கு அது விளக்கில் சோதித்த கடலை. வில்வநாதன் நின்றுவிட்டான். வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டான். ஒரு பிள்ளை அவனைப் பார்த்துச் சிரித்தது. அவன் வீட்டுக்குப் போகாமல் கூடத்துக்குத் திரும்பினான்.

மனோரஞ்சிதம் மேசையில் எழுதிக்கொண்டிருந்தார். பக்கத்தில் வறுகடலை.

"அம்மா, நீலம் தெரியுது."

"எதுல?"

"புகை போட்டதுல."

அவர் நிமிர்ந்தார். "விளக்கை மாத்திப் பார்த்தியா?"

"பார்த்தேன்."

"சாறு கலந்துபோச்சா?"

"இல்லம்மா. மறுபடி வடிச்சேன்."

"நம்ம பிள்ளைதானே?"

"இல்லம்மா. அது மண்டியில எடுத்தது. நம்மது உடைஞ்சுபோச்சு. நீங்க ஊர்ல இல்லாதப்ப நான்தான் கீழ போட்டுட்டேன்."

"ஏன் சொல்லல?"

"பயம்."

"எம்மேலயா?"

"ஆமாம்மா."

"இப்ப எம்மேல பயமில்லையா?"

"இருக்கு. இது அதைவிடப் பெரிசா இருக்கு."

அவர் திட்டவில்லை. வாயில் மென்றுகொண்டிருந்த கடலையை ஒரு காகிதத்தில் துப்பினார். காகிதத்தை மடித்துக் குப்பையில் போட்டார். அப்படி அவர் செய்து வில்வநாதன் பார்த்ததில்லை.

சாவியை எடுத்து நீட்டினார்.

"அலமாரியில போன மாசத்துக் குழாய் இருக்கு. எடு. புகை போடாத கடலையை எடுத்துக்க. நம்ம பிள்ளையை அதுல விடு. வேற எதுவும் வேண்டாம்."

"வெறும் தட்டாம்மா?"

"வெறும் தட்டு."

பூஞ்சணம் வளர்கிற வரையில் இருவரும் தினமும் வந்து தட்டைப் பார்த்தார்கள். தட்டில் பச்சை நன்றாகவே படர்ந்தது. புகையில்லாத கடலை, தடையில்லாத பூஞ்சணம். விஷம் ஊற வேறென்ன வேண்டும்? ஆயுசில் முதல் தடவையாக, நீலம் தெரிய வேண்டும் என்று வில்வநாதன் சாமியை வேண்டிக்கொண்டான். நீலம் தெரிந்தால் குற்றம் மண்டிப் பூஞ்சணத்துடையது. அது ஏதோ புதுச் சாதி, அதற்கு வேறு மருந்து தேடிக்கொள்ளலாம். அம்மாவின் வேலை பிழைத்துவிடும்.

நாள் வந்தது. இரண்டு சாற்றையும் எடுத்துக்கொண்டு இருட்டறைக்குள் போனார்கள். கதவைச் சாத்தினான். விளக்கைப் போட்டான்.

இடது பக்கம் மண்டிப் பூஞ்சணத்தின் சாறு. நொச்சிப் புகையில் ஊறியும் நீலமாக எரிந்தது.

வலது பக்கம் ஒன்றுமே இல்லை.

"வெறும் தட்டு எந்தப் பக்கம் வெச்ச?"

"வலது பக்கம்மா."

"மாத்தி வை."

மாற்றி வைத்தான். நீலம் வலது பக்கம் போனது. இடது பக்கம் இருட்டாக இருந்தது. இத்தனை வருஷமாக நீலத்தைப் பார்த்து நடுங்கியவன், அந்த இருட்டைப் பார்த்து நடுங்கினான்.

"அப்ப நொச்சி?" என்று கேட்டான்.

"இல்லாத விஷத்தைத் தடுத்திருக்கு."

"நம்ம பிள்ளை விஷப்பூஞ்சணம்தானேம்மா? நீங்களே பார்த்தீங்களே?"

"அப்ப இருந்துச்சு. அது ஈரத்துல கிடந்து, புழுவோடயும் பூச்சியோடயும் அடிச்சுக்கிட்டுப் பிழைச்ச காலம்." அவர் மெல்லத்தான் பேசினார். "இங்க என்ன கஷ்டம் அதுக்கு? மாசாமாசம் சர்க்கரை போட்ட சாப்பாடு. விஷம் எதுக்கு? விட்டுடுச்சு."

"எப்பலேர்ந்தும்மா?"

"தெரியாது. வெறும் தட்டு வெச்சிருந்தா தெரிஞ்சிருக்கும்."

பிறகு, "நீ வெளிய இரு" என்றார்.

அவன் வெளியே வந்து கதவையே பார்த்துக்கொண்டு நின்றான். உள்ளே சத்தமில்லை. அவன் மனசில் என்னென்னவோ ஓடியது. வயசானவர், ஏதாவது ஆகிவிட்டால்? இல்லை, ஒன்றும் ஆகாமல் வெளியே வந்து, இதை யாரிடமும் சொல்லாதே என்று சொன்னால்? சொன்னால் அவன் கேட்பானா? கேட்டுவிடுவான் என்றுதான் அவனுக்குத் தோன்றியது. அந்த நினைப்புதான் எல்லாவற்றையும்விட அதிகமாகப் பயமுறுத்தியது.

வாசலில் ஜீப் வந்து நின்றது. கடைசிச் சோதனையைப் பார்க்க வருவதாகச் சொன்ன அதிகாரி திருஞானம் இறங்கினார். நல்ல மனிதர், சிரித்த முகம்.

வில்வநாதன் கதவைத் தட்டினான். "அம்மா, ஆபீசர் வந்துட்டார்."

கதவு திறந்தது. மனோரஞ்சிதத்தின் முகம் வெளுத்திருந்தது. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார், அதை மறைக்கவும் இல்லை.

"எல்லாம் ரெடி மேடம்," என்றார் திருஞானம். "மூட்டையை ஏத்த வேண்டியதுதான்."

"ஏத்தாதீங்க. நொச்சி பலிக்கல. விளக்கை எடுக்கவே கூடாது."

அவர் முதலில் வேடிக்கை என்று நினைத்துச் சிரித்தார். பிறகு மனோரஞ்சிதம் நடந்ததைச் சொல்லச் சொல்லச் சிரிப்பு மறைந்தது.

"மேடம், உங்க பேரை வெச்சுத்தான் மேல எல்லாரும் கையெழுத்துப் போட்டிருக்காங்க. இப்ப போய் இல்லைன்னா உங்க பேர் என்ன ஆகும்?"

"பிள்ளைங்க என் பேரையா திங்கப்போகுது? கடலையைத்தானே திங்கும்."

"ஒரு வருஷம் பார்ப்போமே. ஒண்ணும் ஆகாது."

"நானும் அதைத்தான் சொல்லிக்கிட்டிருந்தேன்."

திருஞானம் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். அவருக்கும் மேலே பதில் சொல்ல வேண்டிய பயம் இருக்கும் அல்லவா. "சரி மேடம், ஒரு வழி சொல்லுங்க. மாவு அரைக்கிற இடத்துல ஆளு போட்டு, பூசணம் இருந்தா மேலாத் தட்டிட்டுப் போடச் சொல்லிடலாமா?"

மனோரஞ்சிதம் மேசையைப் பிடித்துக்கொண்டார். அவர் விரல்கள் வெளுத்ததை வில்வநாதன் பார்த்தான். எந்த வீட்டு அடுப்படி அவர் கண்ணில் தெரிகிறது என்று அவனுக்குப் புரிந்தது.

"உள்ள வாங்க" என்று அவர் அதிகாரியின் கையைப் பிடித்து இருட்டறைக்குள் கூட்டிக்கொண்டு போனார். "இந்த நீலத்தைப் பாருங்க. இது மேலாத் தட்டுன கடலை. பச்சையை ஒண்ணுவிடாமத் தட்டிட்டுத்தான் வில்வநாதன் அரைச்சான். இதை உங்க பிள்ளைக்குக் குடுப்பீங்களா?"

திருஞானம் வெளியே வந்தபோது முகத்தில் சிரிப்பில்லை. "மேல யாரு சொல்றது மேடம்?" என்று மட்டும் கேட்டார்.

"நானே வந்து சொல்றேன். நாளைக்கே வரேன்."

போனார். சொன்னார். மூட்டைகள் நின்றன, விளக்கு மண்டியிலேயே இருந்தது. பத்திரிகைகள் அவரைக் கிழித்தன. முன்பு மாலை போட்டவர்களில் பலர் தெருவில் பார்த்தால் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள். கம்பி வாங்கிக்கொண்டு போன சீடர்களில் ஒருவர்கூட வந்து எட்டிப் பார்க்கவில்லை என்பதில் இதைச் சொல்கிறவனுக்கு இன்னும் கோபம் உண்டு.

ஊர் திரும்பிய மறுநாள் காலையில் மனோரஞ்சிதம் கூடத்துக்கு வந்தார். அலமாரியைத் திறந்து பழைய பூஞ்சணக் குழாயை எடுத்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். பாத்திரங்களைக் கிருமி போக வேகவைக்கும் பெரிய குக்கரில் வைத்து மூடினார். ஆவி சீறத் தொடங்கியது. வில்வநாதனுக்கு அழுகை வந்தது. அவர் அழவில்லை.

"மண்டிக்குப் போய் எடுத்துட்டு வா" என்றார். "ஈரமூட்டையில நல்லாப் பூத்ததா எடு."

எடுத்துக்கொண்டு வந்தான். மேசையில் புதுத் தட்டுகளை வரிசையாக அடுக்கியிருந்தார். ஸ்பிரிட் விளக்கை ஏற்றினார். தன் கம்பியைக் கையில் எடுத்தார். மேட்டுக்காட்டு ஊரிலிருந்து வந்த நாளிலிருந்து அவர் வைத்திருக்கிற கம்பி அது. கண்ணாடிப் பிடி தேய்ந்து மங்கியிருந்தது.

தீக்குப் பக்கத்தில் கொண்டுபோனவர் நிறுத்திக்கொண்டார்.

"என் கையைப் பாரு."

பார்த்தான். கம்பி அசையாமல் நின்றது.

"உள்ள பயந்து செத்துக்கிட்டிருக்கேன். கைக்கு அது தெரியல. அது பாட்டுக்கு வேலை செய்யப் பார்க்குது."

கம்பியை அவன் பக்கம் திருப்பி நீட்டினார்.

"பிடி."

"எனக்காம்மா?"

"உனக்குத்தான்."

"எனக்குக் கை நடுங்குமேம்மா. அதுக்காகத்தானே நீங்க குடுக்கல?"

"அதுக்காகத்தான் குடுக்கல" என்றார் அவர். "பிடி."

வாங்கிக்கொண்டான். தீயில் காட்டினான். கம்பி சிவந்தது. ஆறவிட்டு, மண்டிக் கடலையின் பச்சையைத் தொட்டான். கை நடுங்கியது, எப்போதையும்விட அதிகமாக நடுங்கியது. கம்பி தட்டின் விளிம்பில் பட்டு டிக் டிக்கென்று சத்தம் கேட்டது. இந்தத் தூளில் ஒரு துளி பறந்தால் என்ன ஆகும், இந்தத் தட்டு மாறிப்போனால் எந்த ஊர்ப் பிள்ளை சாகும் என்று நெஞ்சு அடித்துக்கொண்டே இருந்தது. புதிதாகச் சோதிக்க வைத்திருந்த மருந்துத் தட்டை முதலில் இழுத்தான். மனோரஞ்சிதம் அதை ஒதுக்கிவிட்டு, வெறும் தட்டை அவன் முன்னால் தள்ளினார்.

அவன் வெறும் தட்டில் பூஞ்சணத்தை வைத்தான். மூடினான். நெற்றி வியர்வையைத் தோளில் துடைத்துக்கொண்டான். வருஷா வருஷம் கேட்கிற கேள்வி அவனை அறியாமல் வாயில் வந்தது.

"அம்மா, எனக்கு இந்தப் பயம் எப்பம்மா போகும்?"

மனோரஞ்சிதம் அடுத்த தட்டை எடுத்து வைத்தார்.

"போற அன்னிக்கு வந்து சொல்லு. கம்பியைத் திருப்பி வாங்கிக்கறேன்."